கல்லீரல் காத்திருக்கும் நேரம்

கொடையாளரின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட கல்லீரல், நோயாளியின் உடலில் பொருத்தப்பட்டு மீண்டும் இரத்தம் பெறும்வரை கழிகின்ற மணிநேரங்களைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. தானம் அளித்த குடும்பத்தின் பெருமனத்தைப் பற்றியும், அறுவை மருத்துவர்களின் திறமையைப் பற்றியும், போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட காவல்துறையினரைப் பற்றியும் நாளிதழ்கள் எழுதுகின்றன. அந்த ஆம்புலன்ஸில் இருந்த பெட்டிக்குள் உறுப்புக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்பது செய்தியாவதில்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையிலும், முகமறியாத ஒருவரின் கல்லீரலால் உயிர் மீண்ட ஒரு தாய்மாமாவின் மருமகன் என்ற முறையிலும் அந்தப் பெட்டியின் மீது எனக்கு நெடுநாள் அக்கறை உண்டு. அண்மைக் காலத்தில் அதற்குள் நிகழ்ந்துள்ள மாற்றத்தை நம் மொழியில் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்ற விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

உடலுக்குள் இருக்கும் கல்லீரல் இரண்டு வழிகளில் இரத்தம் பெறுகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. எஞ்சிய கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக வருகிறது. இந்த இரட்டை ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தநாளங்கள் மட்டும் தமனியை நம்பியே வாழ்கின்றன, மாற்று அறுவைக்குப் பின் வரும் துன்பங்களில் மிகக் கொடியவை பெரும்பாலும் அந்த நாளங்களில்தான் தோன்றுகின்றன. இரத்தம் நின்றவுடன் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பது நிற்கிறது. செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவில், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறின் உற்பத்தி முடங்குகிறது. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும் செல்சவ்வின் பம்புகள் ஏ.டி.பி. இல்லாமல் இயங்க இயலாததால், சோடியம் உள்ளே புகுகிறது, அதன் பின்னே நீரும் புகுகிறது, செல் வீங்குகிறது. உடல் வெப்பத்தில் இது வேகமாக நடந்து முடிந்துவிடும்.

இதற்கு மருத்துவம் கண்ட முதல் விடை குளிர். வெப்பம் பத்து டிகிரி குறையும்போதெல்லாம் வளர்சிதை மாற்றம் சுமார் பாதியாகிறது. நான்கு டிகிரி செல்சியஸில் உறுப்பின் ஆக்சிஜன் தேவை இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு என்பது சுழியம் ஆகாது. குளிரூட்டப்பட்ட கல்லீரலும் தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே குளிர் அளிப்பது கால அவகாசம் மட்டுமே.

அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் 1963-இல் மனிதருக்கு முதன்முதலாகக் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. 1967-இல்தான் அவரால் நோயாளிகளை ஓராண்டுக்கும் மேல் வாழவைக்க முடிந்தது. அக்காலத்தில் அவருடைய குழுவினர் கொடைக் கல்லீரலை வெறும் குளிரில் வைக்கவில்லை. உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்து, நீர்த்த இரத்தத்தைக் குளிர்நிலையில் அதனூடே செலுத்தினார்கள். ஆக்சிஜனும் ஓட்டமும் குளிரும் சேர்ந்த அந்த முறை, ஐம்பது ஆண்டுகள் கழித்து நவீன வடிவத்தில் திரும்பி வந்திருப்பதை எண்ணும்போது, அந்த முன்னோடிகளின் உள்ளுணர்வு எவ்வளவு சரியாக இருந்தது என்று வியக்கிறேன். ஆனால் அந்தக் கருவிகள் பெரியவை, சிக்கலானவை, ஊர்விட்டு ஊர் எடுத்துச் செல்ல உதவாதவை. எளிய முறை வந்ததும் அவை ஒதுக்கப்பட்டன.

அந்த எளிய முறை, உறுப்பின் இரத்தத்தைத் தனித்தன்மை வாய்ந்த ஒரு கரைசலால் கழுவி வெளியேற்றி, அதே கரைசலில் மூழ்கவைத்து, அடுக்கடுக்கான கிருமிநீக்கிய பைகளில் இட்டு, பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் வைப்பதாகும். 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் காலின்ஸும் பால் டெராசாகியும் சிறுநீரகத்திற்கென ஒரு கரைசலை வெளியிட்டார்கள். செல்லின் உட்பகுதியைப் போலப் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருக்கும்படி அதை அமைத்தார்கள். பம்புகள் நின்றுபோனாலும் இருபுறமும் சமநிலை குலையாது என்பது அவர்களுடைய கணிப்பு. சிறுநீரகத்திற்கு அது போதுமானதாக இருந்தது. கல்லீரலுக்குப் போதவில்லை, ஆறு முதல் எட்டு மணிநேரத்திற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டியிருந்தது. கொடையாளர் கிடைத்த நொடியிலிருந்து இரண்டு அறுவைக் குழுக்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓட வேண்டிய காலம் அது.

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுத்தார்டும் 1980-களில் உருவாக்கிய கரைசல் இந்த நெருக்கடியைத் தளர்த்தியது. அதன் ஒவ்வொரு உட்பொருளுக்கும் ஒரு காரணம் இருப்பதால், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்று நான் கருதுகிறேன். முந்தைய கரைசல்களில் இருந்த குளுக்கோஸ் கல்லீரல் செல்லுக்குள் எளிதாக நுழைந்துவிடுவதால் வீக்கத்தைத் தடுக்க அதனால் இயலவில்லை. பெல்சர் குழு அதற்கு மாற்றாக லாக்டோபயோனேட், ராஃபினோஸ் ஆகிய பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்தது; அவை சவ்வைக் கடக்க இயலாமல் வெளியே நின்று நீரைத் தடுத்து வைக்கின்றன. செல்களுக்கு இடைப்பட்ட பகுதி வீங்காதிருக்க ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் சேர்க்கப்பட்டது. மீண்டும் ஏ.டி.பி. உருவாகும்போது மூலப்பொருளாக அடினோசினும், ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்கக் குளுட்டாத்தயோனும் அலோபியூரினாலும் இடம்பெற்றன. முதலில் கணையத்திற்காக உருவாக்கப்பட்ட இக்கரைசல் பின்னர் கல்லீரலுக்குப் பயன்பட்டு, பாதுகாப்பு நேரத்தைப் பன்னிரண்டு மணிநேரத்திற்கும் மேலாக நீட்டியது. தொலைவிலுள்ள நகரங்களிலிருந்து உறுப்புகளைக் கொண்டுவருவதும், முன்பைவிட நிதானமாக அறுவையைத் திட்டமிடுவதும் அதன் பிறகே நடைமுறைக்கு வந்தன.

அதற்கும் குறைகள் உண்டு. ஸ்டார்ச்சினால் கரைசல் பிசுபிசுப்பாகி, நுண்ணிய நாளங்களில் மெதுவாகவே பரவுகிறது. பொட்டாசியம் மிகுதியாக இருப்பதால், பொருத்தி முடித்து இரத்தத்தைத் திறந்துவிடும் முன் கல்லீரலைக் கழுவியாக வேண்டும். கழுவாவிட்டால் அந்தப் பொட்டாசியம் நேராக நோயாளியின் இதயத்தைச் சென்றடையும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிரெட்ஷ்னைடர், இதய அறுவைக்கென உருவாக்கிய ஹிஸ்டிடின் கரைசல் நீரைப்போல் மெலிதானது, பொட்டாசியம் குறைந்தது. பல மருத்துவமனைகள் கல்லீரலுக்கும் அதையே விரும்புகின்றன. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் இங்கே நுழைய வேண்டிய தேவையில்லை, ஏனென்றால் உண்மையான சிக்கல் கரைசலின் சேர்மானத்தைவிட ஆழத்தில் இருந்தது.

கல்லீரல் பெரும் சேதத்திற்கு உள்ளாவது பெட்டிக்குள் இருக்கும்போது அன்று. மீண்டும் இரத்தம் பாயத் தொடங்கும் முதல் நிமிடங்களில்தான். வகுப்பில், செல் உணவுப்பொருளைப் படிப்படியாகச் சிதைத்து ஆற்றல் பெறும் கிரெப்ஸ் சுழற்சியைக் கரும்பலகையில் வரையும்போது சக்சினேட் என்ற சேர்மத்தை ஒரு படியாகக் குறித்துவிட்டுக் கடந்துபோவது ஆசிரியர்களின் வழக்கம். ஆக்சிஜன் இல்லாத உறுப்பில் அந்தப் படி தடைப்பட்டு, அடைத்த மதகின் பின்னால் நீர் சேர்வதைப் போலச் சக்சினேட் சேர்ந்துகொண்டே போகிறது. கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் சுண்டெலிகளின் உறுப்புகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வெதுவெதுப்பான இரத்தமும் ஆக்சிஜனும் ஒருசேர வந்தவுடன், சேர்ந்திருந்த சக்சினேட் ஒரே வேகத்தில் எரிகிறது. எலக்ட்ரான்கள், அவற்றைக் கடத்தும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதத் தொகுதிகளில் முதலாவதான முதல் கூட்டமைப்பின் ஊடாகப் பின்னோக்கிப் பாய்ந்து, ஆக்சிஜனின் தீங்கு விளைக்கும் வடிவங்களைப் பெருமளவில் உண்டாக்குகின்றன. அதிலிருந்து அழற்சி தொடங்குகிறது. நுண்குழல்களின் உட்படலம் உரிகிறது, கல்லீரலில் நிலையாகத் தங்கியிருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. எவ்வளவு உயர்ந்த கரைசலில் வைத்திருந்தாலும் பனிக்கட்டிப் பெட்டியால் இதைத் தடுக்க இயலாது, ஏனெனில் பெட்டிக்குள் ஆக்சிஜன் இல்லை.

நல்ல உடல்நிலையில் இருந்த இளவயதுக் கொடையாளரின் கல்லீரல் இந்தத் தாக்குதலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கொழுப்புப் படிந்த கல்லீரலும், முதியவர்களின் கல்லீரலும், இதயம் நின்ற பிறகு தானமளிப்பவரின் கல்லீரலும் தாங்குவது கடினம். மூன்றாவது வகையில், குளிரூட்டும் முன்பே உடல் வெப்பத்தில் சில நிமிடங்கள் இரத்தமின்றிக் கழிந்துவிடுவதால், தமனியை மட்டுமே நம்பியிருக்கும் பித்தநாளங்கள் முதலில் அழிகின்றன. அறுவை வெற்றி பெற்று நோயாளி வீடு திரும்பிச் சில மாதங்கள் சென்ற பிறகு நாளங்கள் ஆங்காங்கே சுருங்கி, மஞ்சள் காமாலையும் தொற்றும் மாறிமாறி வரும். இரண்டாம் முறை மாற்று அறுவை தவிர வேறு வழியில்லாத நிலைக்குச் சிலர் தள்ளப்படுகிறார்கள்.

என் மாமாவுக்கான கல்லீரல் வேறொரு மாவட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரவில், அறுவைக் குழுவிலிருந்த இளம் மருத்துவர் ஒருவரிடம் உறுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பார்க்க நல்லா இருக்குன்னு அங்கிருந்து சொல்றாங்க சார். வேலை செய்யுதான்னு வச்சதுக்கு அப்புறம்தான் தெரியும்" என்றார். அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னது எனக்கு ஆறுதலாகவும் அச்சமாகவும் இருந்தது. கண்ணால் பார்த்து, விரலால் அழுத்தி, தேவையானால் சிறு துண்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஓர் உயிரை ஒப்படைக்கும் முடிவை எடுக்கிறார்கள். குளிரில் உறங்கும் உறுப்பிடம் அதற்கு மேல் எதையும் கேட்டறிய இயலாது. மாமாவுக்கு நல்லபடியாக முடிந்தது.

இந்த இடத்தில்தான் இயந்திரங்கள் வருகின்றன. இவற்றில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான எண்ணத்திலிருந்து பிறந்தவை.

முதல் வழி, உறுப்பை உடல் வெப்பத்திலேயே உயிர்ப்புடன் வைத்திருப்பது. ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை மருத்துவர் பீட்டர் ஃபிரெண்டும் பொறியாளர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கருவியின் துணையுடன் 2013-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் முதல் மாற்று அறுவை நடந்தது. முப்பத்தேழு டிகிரி வெப்பத்தில், இரத்த வங்கியின் சிவப்பணுக்களும் ஆக்சிஜனும் ஊட்டச்சத்தும் இன்சுலினும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் கலந்த திரவம் தமனியிலும் போர்ட்டல் சிரையிலும் பாய்கிறது. கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, ஆக்சிஜன் பற்றாக்குறையில் சேரும் லாக்டேட்டை அகற்றுகிறது, திரவத்தின் அமிலநிலையைத் தானே சீர்செய்கிறது. அந்த இளம் மருத்துவர் அறிய இயலாததை இங்கே அறுவைக்கு முன்பே அளந்துவிடலாம். 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 220 மாற்று அறுவைகளை ஒப்பிட்டபோது, வெப்ப இயந்திரத்தில் வைக்கப்பட்ட கல்லீரல்களில் நொதிக் கசிவால் அளக்கப்படும் சேதம் பாதியாகக் குறைந்திருந்தது; பயன்படுத்தாமல் கைவிடப்பட்ட உறுப்புகளும் பாதியாகக் குறைந்தன; பாதுகாப்பு நேரமோ சராசரியாக 54 விழுக்காடு நீண்டிருந்தது.

அதைவிட என்னை நெகிழச்செய்தது பர்மிங்காமில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு. பிரிட்டனின் எல்லா மையங்களும் வேண்டாமென்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை அவர்கள் இயந்திரத்தில் ஏற்றிச் சோதித்தார்கள். முதல் நான்கு மணிநேரத்தில் லாக்டேட் லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குக் கீழ் இறங்குவது முதன்மையான தேர்வு. 22 கல்லீரல்கள் தேறி நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. அந்த 22 பேரும் தொண்ணூறு நாள்களைக் கடந்து வாழ்ந்தார்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய உறுப்புகள் இவை. ஆனால் அதே ஆய்வு மறைக்காமல் சொன்ன இன்னொன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்: அவர்களில் நால்வருக்குப் பின்னாளில் பித்தநாளங்கள் சுருங்கி மறு மாற்று அறுவை தேவைப்பட்டது. பனிக்கட்டியில் மணிக்கணக்கில் கிடந்த கல்லீரலை நேராக முப்பத்தேழு டிகிரிக்குக் கொண்டுசெல்லும்போது, சக்சினேட்டின் வெடிப்பு நோயாளியின் உடலுக்குள் நடப்பதற்கு மாறாக இயந்திரத்துக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். நாளங்களுக்கு அதனால் விடுதலை கிடைத்துவிடுவதில்லை.

இரண்டாவது வழி, குளிரை விடாமல் ஆக்சிஜனை மட்டும் கொடுப்பது. நியூயார்க்கில் ஜேம்ஸ் குவரேராவின் குழு குளிர்ந்த கரைசலைக் கல்லீரலூடே செலுத்தி மாற்று அறுவை செய்த முடிவுகளை 2010-இல் வெளியிட்டது. சூரிச்சில் ஃபிலிப் டுட்கோவ்ஸ்கியும் அவரைத் தொடர்ந்து நெதர்லாந்தின் குரோனிங்கனில் ராபர்ட் போர்ட்டேயும் இதில் ஆக்சிஜனை மையப்படுத்தினார்கள். பெட்டியில் வந்துசேர்ந்த கல்லீரலை, பொருத்துவதற்கு முந்தைய ஓரிரு மணிநேரம் ஏறத்தாழ பத்து டிகிரி வெப்பத்தில் வைத்து, ஆக்சிஜன் செறிந்த கரைசலை மிகக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். சூரிச்சில் போர்ட்டல் சிரை வழியாக மட்டும். குரோனிங்கனில் தமனி வழியாகவும் சேர்த்து. சிவப்பணுக்கள் தேவையில்லை, ஏனெனில் அந்தக் குளிரில் கரைசலில் கரைந்த ஆக்சிஜனே போதும். குளிரின் மந்தகதியில் மைட்டோகாண்ட்ரியா மெல்ல விழித்து, தேங்கிய சக்சினேட்டை வெடிப்பின்றிக் கரைத்து, ஏ.டி.பி.-யை மீண்டும் நிரப்பிக்கொள்கிறது. பிறகு இரத்தம் பாயும்போது எரிவதற்கு அங்கே அதிகம் எஞ்சியிருப்பதில்லை. என் பாடத்தின் மிக நுண்ணிய ஒரு பக்கம் இப்படி ஒரு நோயாளியின் பித்தநாளத்தைக் காப்பதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

2021-இல் வெளியான குரோனிங்கன் குழுவின் பன்மைய ஆய்வு, இதயம் நின்ற பின் தானமளித்தோரின் கல்லீரல்களைப் பெற்ற 156 நோயாளிகளை ஆராய்ந்தது. ஆறு மாதங்களில் அறிகுறிகளுடன் கூடிய பித்தநாளச் சுருக்கம், வெறும் பெட்டியில் வந்த கல்லீரல்களில் 18 விழுக்காட்டினருக்கும், ஆக்சிஜன் செலுத்தப்பட்டவற்றில் 6 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டிருந்தது. இரு முறைகளின் சோதனைகளையும் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வமைப்பின் 2023-ஆம் ஆண்டு மதிப்பாய்வும், பொருத்திய கல்லீரல் நீடித்து உழைப்பதில் தெளிவான பயன் குளிர் ஆக்சிஜன் முறையிலேயே தென்படுவதாகவும், வெப்ப முறையின் வலிமை கூடுதல் உறுப்புகளைப் பயன்படுத்த உதவுவதில் இருப்பதாகவும் முடிவுக்கு வந்தது.

ஆகவே என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். வெப்ப இயந்திரத்தில் கல்லீரல் செந்நிறத்தில் உயிர்த்தெழுந்து பித்தம் சுரக்கும் காட்சி மனத்தைக் கவர்வது. ஊடகங்களின் கவனம் முழுவதும் அதன் பக்கமே இருக்கிறது. அமைதியான, மலிவான, குளிர்ந்த இரண்டாம் முறைக்கு அந்தப் புகழில் உரிய பங்கு கிடைக்கவில்லை. வெப்ப முறையில் பம்பு நின்றால் உறுப்பு உடல் வெப்பத்தில் இரத்தமின்றித் தவிக்கும்; அதனால் பயிற்சி பெற்றவர்கள் முழுநேரமும் அருகில் இருக்க வேண்டும். குளிர் முறையில் பம்பு நின்றால் கல்லீரல் பழையபடி குளிர்ப் பெட்டியின் நிலைக்குத் திரும்புகிறது, அதற்குமேல் இழப்பில்லை. உறுப்பின் நிலையை அறியும் வாய்ப்பு குளிரில் அறவே இல்லை என்பதும் இப்போது சரியன்று: முதல் கூட்டமைப்பு சிதைந்தால் அதிலிருந்து ஃபிளேவின் மூலக்கூறு கழன்று கரைசலில் கலக்கும், அது ஒளிரும் இயல்புடையது என்பதால், சூரிச் குழுவினர் முதல் அரைமணி நேரத்திலேயே அதை அளந்து கல்லீரலின் தகுதியைக் கணிக்கிறார்கள். குரோனிங்கனில் இந்தக் குளிர் ஓட்டத்தை இருபது மணிநேரம் வரை நீட்டி, நள்ளிரவில் வந்த உறுப்பை மறுநாள் பகலில் பொருத்தவும் செய்திருக்கிறார்கள். களைத்துப்போன அறுவைக் குழுவை விட உறங்கி எழுந்த குழு மேலானது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இவற்றுக்கு அப்பாலும் முயற்சிகள் உண்டு. பாஸ்டனில் மனிதக் கல்லீரல்களை உறையவிடாமல் மைனஸ் நான்கு டிகிரிக்குக் குளிர்வித்து, வழக்கமான நேரத்துடன் மேலும் 27 மணிநேரம் காத்ததாக 2019-இல் அறிவித்தார்கள். அவை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டவை அல்ல. சூரிச்சில் 2021 மே மாதத்தில், மற்ற மையங்கள் மறுத்த ஒரு கல்லீரலை மூன்று நாள் இயந்திரத்தில் வைத்து, மருந்தளித்து, அதிலிருந்த கட்டி தீங்கற்றது என்று உறுதிசெய்து, பின்னர் பொருத்தினார்கள். அந்த நோயாளி ஓராண்டுக்குப் பின்னும் நலமுடன் இருந்தார். காக்கும் இடமே சிகிச்சை அளிக்கும் இடமாகவும் மாறிய நிகழ்வு அது.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்றங்களில் பெரும்பாலானவை உறவினர் உயிருடன் இருக்கும்போதே அளிக்கும் பகுதிக் கல்லீரலைக் கொண்டு நடப்பவை. அடுத்தடுத்த அறுவை அரங்குகளில் வேலை நடப்பதால் அங்கே பாதுகாப்பு நேரம் மிகக் குறைவு. ஆனால் 2008 முதல் தமிழ்நாட்டில் அரசின் ஒருங்கிணைப்பில் நடைபெறும் மூளைச்சாவுக்குப் பிந்தைய உறுப்பு தானத்தில், ஒரு மாவட்டத்துக் கல்லீரல் இன்னொரு நகரத்துக்குப் பயணிக்கிறது. சர்க்கரை நோயும் உடற்பருமனும் கூடிவரும் மக்களிடமிருந்து வரும் கல்லீரல்களில் கொழுப்பும் கூடவே செய்யும். அத்தகைய உறுப்புகளை மறுக்காமல் ஏற்கும் துணிவை மருத்துவர்களுக்குத் தருவது எது என்று யோசித்தால், குளிர் ஆக்சிஜன் முறையே நமக்கு முதலில் ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான கருவி கொடையாளர் இருக்கும் மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. உறுப்பை எடுக்கச் செல்லும் குழு இன்றுபோலவே பனிக்கட்டிப் பெட்டியுடன் சென்று வரலாம். பெட்டி வந்துசேரும் மருத்துவமனையில், நோயாளியின் பழைய கல்லீரலை அகற்றிக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு மணிநேரத்தில், பக்கத்து மேசையில் கருவி தன் வேலையைச் செய்துவிடும். அதை இயக்கக் கற்றுக்கொள்ளக்கூடியவர்களும் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறார்கள்: இதய அறுவை அரங்குகளில் இதய நுரையீரல் இயந்திரத்தை நாள்தோறும் இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டுகள்.